கட்டு போட்டால் நிற்க வேண்டும்: புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற கூட்டத்தோடு போனால், சிங்கம்புணரி தாண்டியதும் கொஞ்சம் தரையைப் பார்த்து நடங்கள். சாலை ஓரமெல்லாம் பிளாஸ்திரித் துண்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றும் அன்று காலையில் யாரோ ஒருவர் இன்னொருவருடைய குதிகாலில் அக்கறையோடு ஒட்டி அனுப்பியது. மருந்தில் குறை இருந்திருக்காது. கட்டு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நான் சில வருடங்களாக அந்தப் பாதையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில், கால் கழுவிக் கட்டுப் போடுகிற இடத்தில் கூடமாட வேலை செய்கிறேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பந்தலில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். முதல் நாள் நான் ஒட்டிய பிளாஸ்திரியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து யாரும் வைக்கலாம் தம்பி, கட்டு நிக்கணும். நிக்கவும் நிக்கணும், இறுக்கவும் கூடாது, பிரிக்கிறப்ப புண்ணையும் பிச்சுக்கிட்டு வரக்கூடாது" என்றார். மருந்துக்கடையில் தொங்குகிற பேண்ட் எய்டு, கிரேப் பேண்டேஜ், காகித டேப், வலைக் கட்டு எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் இடறி விழுந்த யாரோ ஒருவர் கண்டுபிடித்தவைதான். எது எந்தச் சிக்கலுக்காகப் பிறந்தது என்று தெரிந்துவிட்டால், எதை எங்கே போட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. இந்தக் கட்டுரையை அந்த வழியிலேயே எழுதுகிறேன்.

இது முதலுதவிக்கும் வீட்டுக் காயத்துக்கும் மட்டும். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம், வாய் பிளந்து நிற்கிற வெட்டு, நாய் பூனை குரங்குக் கடி, முகத்திலும் மூட்டிலும் ஆழமான காயம், சர்க்கரை உள்ளவர் காலில் வருகிற எந்தப் புண்ணும், இவையெல்லாம் நேரே ஆஸ்பத்திரிக்கு.

கட்டுவதற்கு முன்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையுறை இருந்தால் மாட்டுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், நடு நடுவே எடுத்து எட்டிப் பார்க்காதீர்கள். எடுக்கிற ஒவ்வொரு முறையும் உறைந்து வந்த ரத்தம் கலைந்துபோகும். நின்றதும் ஓடுகிற நல்ல தண்ணீரில் காயத்தை நன்றாகக் கழுவ வேண்டும். நம் செம்மண்ணும் சீமைக்கருவேல முள்ளின் ஒடிந்த நுனியும் உள்ளே தங்கிவிட்டால், மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும் நாலாம் நாள் சீழ்தான். மோதிரம், வளையல், மெட்டி இவற்றை முதலிலேயே கழற்றிவிடுங்கள், வீங்கிய பிறகு கழற்ற வராது.

அடுத்தது எல்லோரும் தாண்டிப் போகிற படி. காயத்தைச் சுற்றியுள்ள தோலை ஒற்றி ஒற்றி நன்றாகக் காய வையுங்கள். காயம் ஈரமாக இருக்கலாம், அதைச் சுற்றியுள்ள தோல் ஈரமாக இருக்கக்கூடாது. பவுடரும் எண்ணெயும் அங்கே படக்கூடாது. பாதயாத்திரையில் கழன்று விழுகிற பிளாஸ்திரிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான் விழுகின்றன. வியர்த்த காலில், போதாததற்கு விபூதியோ பவுடரோ பட்ட காலில் ஒட்டினால் எந்தப் பசையும் பிடிக்காது.

மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பற்பசை, பேனா மை எதையும் வைக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரவேலை செய்கிற சிலர் விரலில் வெட்டுப்பட்டால் கடையில் விற்கிற உடனடிப் பசையை விட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். காயத்தை ஒட்டுவதற்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் பசை அதே குடும்பம்தான், ஆனால் அது வேறு வகை. கடைப் பசை ஒட்டும்போதே சூடாகும், புண்ணை எரிக்கும், அழுக்கை உள்ளே வைத்து மூடியும் விடும். கடைசியாக, ரணஜன்னி வராமல் தடுக்கிற டிடி ஊசி. எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் போய்க் கேட்டுவிடுங்கள்.

எந்தக் கட்டுக்கும் மூன்று அடுக்கு

புண்ணைத் தொடுகிற அடுக்கு, கசிவை உறிஞ்சுகிற அடுக்கு, இரண்டையும் பிடித்து நிறுத்துகிற அடுக்கு. சின்னப் பேண்ட் எய்டு முதல் ஆஸ்பத்திரிக் கட்டு வரை இதுதான் கணக்கு.

தொடுகிற அடுக்கு ஒட்டாததாக இருக்க வேண்டும். பஞ்சை நேராகப் புண்ணில் வைக்கவே கூடாது, இழை இழையாக ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது உயிர் போகும். சங்கப் பாட்டிலேயே புண்ணில் வைத்த பஞ்சை இன்னும் எடுக்காத வீரர்கள் வருகிறார்கள், அவ்வளவு பழைய பழக்கம் இது. பஞ்சு உறிஞ்சும், ஆனால் இழை விடும். காஸ் என்கிற மெல்லிய சல்லடைத் துணி இழை விடாது, ஆனால் கொஞ்சம்தான் உறிஞ்சும். பர்மிங்காமில் இருந்த சாம்ப்சன் காம்ஜி என்ற அறுவை மருத்துவர் 1880ல் இரண்டு காஸ் துணிக்கு நடுவில் பஞ்சை வைத்து ஒரு மெத்தையாகச் செய்தார். இன்றைக்கும் அது அவர் பெயரிலேயே காம்ஜி பேட் என்று வழங்குகிறது. அகலமாகக் கசிகிற புண்ணுக்கு அதுதான். சிராய்ப்புக்கும் தீக்காயத்துக்கும் முதல் அடுக்காக, மருந்துக்கடையில் பாரபின் (வாசலின் மாதிரி ஒரு பசை) தடவிய காஸ் தாளுறையில் வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். வலி இல்லாமல் பிரிகிற ஒரே வழி என்று நான் நினைப்பது அதைத்தான்.

எங்கள் வீட்டில் அப்பத்தா "மூடாதே, காத்தாடட்டும்" என்பார். இந்த யோசனை நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இருந்ததுதான். 1962ல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றித் தோலில் சின்னக் காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றாட விட்டார், சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. காய்ந்த பொருக்கு ஒரு தடை மாதிரி, புதுத்தோல் அதற்கு அடியில் வழி தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் இருந்தால் நேராகப் பரவுகிறது. ஆகவே சுத்தமாகக் கழுவிய காயத்தை மூடி வைப்பதே சரி. சீழ் வைத்த காயத்தை மூடி மறைப்பது வேறு விஷயம், அதை மருத்துவர் பார்க்க வேண்டும்.

விரல்

அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட விரல்தான் வீட்டில் அதிகம் வருகிற காயம். பேண்ட் எய்டும் இப்படி ஒரு சமையலறையில்தான் பிறந்தது. அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சனில் பஞ்சு கொள்முதல் வேலையில் இருந்த எர்ல் டிக்சனின் மனைவி ஜோசபின் சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார், சுட்டுக்கொள்வார். காஸும் டேப்பும் வீட்டில் இருந்தன. ஆனால் ஒரு கையில் காயம் பட்டால் மற்றக் கையால் துணியை வெட்டி, டேப்பை வெட்டி, பிடித்து ஒட்ட முடியவில்லை, வேறு ஆள் வேண்டும். 1920ல் டிக்சன் நீளமான டேப்பில் இடைவெளி விட்டுக் காஸ் துண்டுகளை வைத்து, பசை காய்ந்துவிடாமல் மேலே ஒரு துணியை மூடிச் சுருட்டி வைத்தார். வேண்டும்போது மனைவி ஒரு துண்டு நறுக்கி, தானே ஒட்டிக்கொள்ளலாம். அடுத்த வருடமே அது விற்பனைக்கு வந்தது. ஆக, பேண்ட் எய்டு என்பது தனியாக இருக்கிறவர் ஒரே கையால் போட்டுக்கொள்வதற்கான கட்டு. அந்த அளவுக் காயத்துக்குத்தான் அது. அதற்கு மேல் போனால் அதை நம்பாதீர்கள்.

போடுவது எளிது என்று தோன்றும், பெரும்பாலோர் தப்பாகத்தான் போடுகிறோம். விரலைச் சுற்றி இழுத்து ஒட்டுவார்கள், ஒரு மணி நேரத்தில் விரல் விண்விண் என்று தெறிக்கும். இழுக்காமல், விரலைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு, படிய விடுங்கள். கணுவின் மேல் காயம் என்றால் இரு பக்க ஒட்டும் வால்களையும் நீளவாக்கில் நடுவில் கத்தரியுங்கள், காஸ் இருக்கிற இடம் வரை. இப்போது நாலு வால். மேல் இரண்டைக் கணுவுக்கு மேலேயும் கீழ் இரண்டைக் கணுவுக்குக் கீழேயும் குறுக்காகச் சுற்றினால், விரலை எத்தனை முறை மடக்கினாலும் பிரியாது. இதைச் செய்து பார்த்தவர்கள் பழைய மாதிரி ஒட்டவே மாட்டார்கள்.

ஆத்தங்குடியில் பூக்கல் என்கிற தரை ஓடு போடுகிறவர்களுடைய விரல் வேறு சிக்கல். கண்ணாடித் தகட்டின் மேல்தான் வேலை. விளிம்பு கீறும், அதே கையால் சிமெண்டுக் கலவையைத் தொட வேண்டும், சிமெண்டுத் தண்ணீர் பட்ட கீறல் அரித்துப் புண்ணாகும். அங்கே பேண்ட் எய்டு பத்து நிமிடம் தாங்காது. பாரபின் காஸ், மேலே மெல்லிய காஸ் சுற்று, அதற்கு மேல் ரப்பர் கையுறையின் ஒரு விரலை மட்டும் வெட்டி உறை மாதிரி மாட்டி, அடியில் ஒரு சுற்று டேப். வேலை முடிந்ததும் உறையைக் கழற்றிவிட வேண்டும், நாள் முழுக்க மாட்டியிருந்தால் தோல் ஊறி வெளுத்துப் போகும்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் விரலுக்குக் குழாய் மாதிரி நெய்த காஸ் இருக்கும். அதைக் கம்பிக்கூடு மாதிரி ஒரு சின்னக் கருவியில் ஏற்றி, கூட்டுக்குள் விரலை விட்டு இழுப்பார்கள். நுனிக்கு வந்ததும் ஒரு முறுக்கு முறுக்கி மறுபடி கீழே இறக்குவார்கள், விரலுக்கு இரண்டு அடுக்குச் சட்டை ஆகிவிடும், ஒரு சொட்டுப் பசை தேவையில்லை. பார்க்கவே அவ்வளவு நேர்த்தி.

சுருள் கட்டு

இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை வந்துவிட்ட மாதிரி. ரொம்பப் பழைய வேலையும்கூட. பழைய ஆயுர்வேத அறுவை நூலான சுசுருத சம்ஹிதை பதினான்கு வகைக் கட்டுகளைப் பெயர் சொல்லி வகைப்படுத்துகிறது. விரலுக்கு உறை மாதிரி ஒன்று, மூட்டுக்குக் குறுக்கே மாறி மாறிப் போகிற ஒன்று என்று இடத்துக்கு இடம் வேறு. இறுக்கத்தையும் மூன்றாகப் பிரிக்கிறது: இறுக்கம், நடுத்தரம், தளர்வு. கண்ணுக்கும் மூட்டுக்கும் தளர்வுதான். முடிச்சு புண்ணின் மேல் வரக்கூடாது என்றும் சொல்கிறது. இதில் எதுவும் இன்றைக்கும் மாறவில்லை.

முதலில் சுருளைப் பாருங்கள். கையால் தளர்வாகச் சுருட்டிய துணியை இழுத்தால் ஒரு சுற்று இறுகும், அடுத்தது தொங்கும். பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துக் கட்டுத்துணி சுருட்டுகிற வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன, நல்ல பழக்கம்தான். துவைத்து வெயிலில் காய வைத்து, தொடையில் வைத்து இழுத்து இறுக்கமாகச் சுருட்டுங்கள். அந்தத் துணி மேல் சுற்றுக்கு மட்டும், புண்ணைத் தொடுவது எப்போதும் உறையில் வருகிற சுத்தம் செய்த காஸ்தான்.

சுற்றும்போது செய்ய வேண்டியவை:

1. கட்டப்படுகிறவரை உட்கார வைத்து, கையோ காலோ எந்த நிலையில் இருக்கப்போகிறதோ அந்த நிலையிலேயே தாங்கிப் பிடியுங்கள். நேராக நீட்டிக் கட்டிய முழங்கை மடங்கினால் கட்டு நெறிக்கும்.
2. சுருளின் உருண்டை மேல் பக்கம் இருக்க வேண்டும், துணி அடியிலிருந்து விரிய வேண்டும். அப்போதுதான் சுருள் உடம்பின் மேலேயே உருண்டு போகும், கை நழுவாது.
3. காயத்துக்குக் கீழே, விரல் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். முனையைச் சாய்வாக வைத்து ஒரு சுற்று. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலையை மடித்து, மேலே இன்னொரு சுற்று. இது பூட்டு, இதுதான் கட்டு வழுக்காமல் இருப்பதற்கு அஸ்திவாரம்.
4. மேல் நோக்கி ஏறுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதிக்கு மேல் மூட வேண்டும்.
5. கெண்டைக்கால் மாதிரி கீழே ஒல்லி மேலே பருமன் என்று இருக்கிற இடத்தில் சுற்று வாய் பிளக்கும். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு துணியைக் கீழ்ப்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துத் திருப்புங்கள்.
6. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு என்றால் எட்டு எழுதுகிற மாதிரி, மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, குறுக்கே வந்து கீழே ஒரு சுற்று.
7. முடிவு காயத்தின் மேலும் எலும்பின் மேலும் வராமல், வெளிப்பக்கமாக.

முடித்ததும் நகத்தை அழுத்துங்கள். வெளுத்த நகம் கையை எடுத்த இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் மரத்துப்போகிறது, ஜில்லென்று இருக்கிறது என்றால் யோசிக்காமல் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு முறை பாருங்கள். கட்டும்போது சரியாக இருந்த கட்டு வீக்கம் வந்தபின் கயிறாகிவிடும். அதனால்தான் விரல் நுனிகளை எப்போதும் வெளியே விட்டுவைக்கிறோம்.

முடிச்சுப் போடுவதாக இருந்தால் வலதை இடதின் மேல் ஒரு தடவை, அடுத்து இடதை வலதின் மேல் ஒரு தடவை. தட்டையாகப் படுத்திருக்கும், வழுக்காது, ஒரு முனையைப் பிடித்துத் திருப்பி இழுத்தால் அவிழ்ந்துவிடும். கிரேக்கர்கள் இதை ஹெர்குலிஸ் முடிச்சு என்பார்கள். இந்த முடிச்சால் கட்டிய காயம் சீக்கிரம் ஆறும் என்றுகூட ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். முடிச்சுக்கு அப்படி ஒரு சக்தி கிடையாது, ஆனால் உறுத்தாத முடிச்சைப் புண்பட்டவன் அவிழ்க்காமல் விட்டு வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றும்.

முடிச்சுக்குப் பதில் ஊக்கு. நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் 1849ல் காப்புரிமை வாங்கி, 400 டாலருக்கு விற்றுவிட்ட அதே ஊக்குதான். முனை மூடிக்குள் போய்விடுவதால் குத்தாது, சுருள் வளைவு இருப்பதால் தானாகத் திறக்காது. குத்தும்போது உங்கள் விரலைத் துணிக்கும் தோலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு குத்துங்கள். குழந்தைகளுக்கு ஊக்கு வேண்டாம், டேப் போதும்.

கிரேப் பேண்டேஜ் என்கிற இழுபடும் கட்டு சுளுக்குக்கும் வீக்கத்துக்கும். அமெரிக்காவில் 1918ல் வந்த ஏஸ் பேண்டேஜின் பெயரே "முழுக்கப் பருத்தி, இழுபடும்" என்று பொருள் தருகிற மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துதான். ரப்பர் இல்லாமல் நெசவாலேயே இழுபடும்படி செய்ததுதான் விசேஷம். இழுபடுகிறதே என்று முழுக்க இழுத்துக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பாதி இழுப்பு போதும். இரவில் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். கூட வருகிற பல்வைத்த சின்ன உலோகக் கிளிப் கட்டிலில் விழுந்து யாராவது மிதிப்பார்கள், நான் அதை எடுத்து வைத்துவிட்டு டேப்தான் ஒட்டுவேன்.

டேப், வியர்வை, பாதயாத்திரை

ஹாம்பர்க் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த பால் பையர்ஸ்டோர்ஃப் 1882ல் மருந்துப் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை வாங்கினார். அதே நிறுவனம் 1901ல் லூகோபிளாஸ்ட் கொண்டுவந்தது. பசையில் துத்தநாக ஆக்சைடைச் சேர்த்ததால் தோல் சிவந்து அரிப்பது குறைந்தது, பிடிப்பும் நிலைத்தது. நம் மருந்துக்கடையில் தகரச் சுருளில் வருகிற வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி அந்த வம்சம்தான். பின்னால் வந்த காகித டேப், மைக்ரோபோர் என்று கேட்டால் தருவார்கள், காற்று போகும், தோலை உரிக்காது, ஆனால் வியர்வையில் சீக்கிரம் விடும். ஆக முகத்துக்கும் குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் காகிதம், உள்ளங்காலுக்குத் துத்தநாகம்.

நடக்கப் போகிறவர்களுக்கு: கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதைவிட, தோல் சூடாகிச் சிவக்கிற அன்றே ஒட்டுங்கள். காலைக் கழுவி, துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட வைத்து, பிறகு டேப். டேப்பின் நாலு மூலையையும் கத்தரியால் வட்டமாக நறுக்கிவிடுங்கள். மூலைதான் முதலில் தூக்கும், அங்கே மண் ஏறும், அதிலிருந்து முழுசும் போகும். வெறுங்காலோடு நடக்கிறவர்கள்தான் அதிகம் என்பதால் டேப்பின் முனை உள்ளங்காலில் முடியக்கூடாது. உள்ளங்காலில் ஆரம்பித்து பக்கவாட்டில் ஏறி மேல்பாதத்தில் முடிய வேண்டும், அங்கே மேல் ஒரு குறுக்குத் துண்டு ஒட்டி முனையைப் பூட்டுங்கள். ஆனால் பாதத்தைச் சுற்றி முழு வளையமாக ஒட்டாதீர்கள், மாலையில் கால் வீங்கும்.

கொப்புளம் வந்துவிட்டதா? சின்னதென்றால் உடைக்காதீர்கள், அதன் தோல்தான் இருப்பதிலேயே நல்ல கட்டு. தடிமனான பேடில் கொப்புளத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டி, வடை மாதிரி, சுற்றி வைத்தால் பாரம் ஓரத்தில் இறங்கும், நடுவில் உரசாது. மேலே ஒரு காஸ், அதன் மேல் டேப். உடைந்துவிட்டால் தோலைப் பிய்க்காமல் கழுவி, ஒட்டாத காஸ் வைத்துக் கட்டுங்கள். சர்க்கரை இருக்கிறது என்று சொல்கிறவர்களை அண்ணன் அதற்குமேல் நடக்க விடமாட்டார், வண்டி வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். கால் மரத்துப் போனவர்களுக்குப் புண் வலிக்காது, வலிக்காததால் நடந்துகொண்டே இருப்பார்கள்.

முக்கோணத் துணி

ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால் இரண்டு. ஜெர்மன் அறுவை மருத்துவர் எஸ்மார்க் 19ஆம் நூற்றாண்டில் இதைப் படைவீரர்களிடம் பரப்பினார், துணியின் மேலேயே கட்டுகிற விதங்களைப் படமாக அச்சிட்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவனும் பார்த்துக் கட்டலாம் என்ற அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையைத் தொங்கவிடத் தொட்டில், தலைக்கட்டு, மடித்தால் அகலப் பட்டை, எல்லாம் இதிலேயே. துண்டு இருந்தால் போதும், நம் ஆட்கள் தோளில் எப்போதும் ஒன்று இருக்கிறது. தொட்டில் கட்டும்போது விரல் நுனி முழங்கையைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், முடிச்சு கழுத்து எலும்பில் அழுத்தாமல் பக்கவாட்டில். எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் அசையாமல் தாங்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு நம் வேலை முடிந்தது, மாவுக்கட்டு மருத்துவருடைய வேலை.

ரத்தம் பீறிட்டால்

சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரி இடங்களில் பார்ப்பது இது. நேராக அழுத்துங்கள், 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், பேடை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். நனைந்தால் அடிப் பேடை எடுக்காமல் மேலே இன்னொன்று. இஸ்ரேல் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த பெர்னார்ட் பார்நாட்டனுக்கு, அழுத்தம் போதாவிட்டால் கட்டுக்கு மேல் ஒரு கல்லை வைத்துக் கட்டச் சொல்லிக் கொடுத்தார்களாம். அது அவரை உறுத்தியது. பிறகு அவர் செய்த கட்டில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது, துணியை அதில் மாட்டித் திசையைத் திருப்பி இழுத்தால் கொக்கி காயத்தின் மேலேயே அழுத்தும். நம்மிடம் அது இல்லாவிட்டாலும் தத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம். பேடுக்கு மேல் இன்னொரு துணிச்சுருளை வைத்து, காயத்துக்கு நேர் மேலே ஒவ்வொரு சுற்றிலும் துணியை ஒரு முறுக்கு முறுக்கிப் போனால் அழுத்தம் அங்கே குவியும். கொம்பு வயிற்றிலோ மார்பிலோ குத்தியிருந்தால் இந்த வித்தை எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, அசைக்காமல் ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.

எண்ணெய் சுட்டால்

கல்யாண வீட்டில் பலகாரம் சுடுகிற இடத்தில் மணகோலமும் அதிரசமும் எண்ணெயில் விழுகிறபோது தெறிக்கும். இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். வளையலைக் கழற்றுங்கள். பிறகு பாரபின் காஸ், அது இல்லாவிட்டால் சாப்பாடு சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைச் சுற்றாமல் நீளவாக்கில் மேலே போர்த்துங்கள், மேலே காஸைத் தளர்வாகச் சுற்றுங்கள். தீக்காயத்தின் மேல் டேப் ஒட்டவே கூடாது. உள்ளங்கை அளவுக்கு மேல், அல்லது முகம், கை, மூட்டு என்றால் ஆஸ்பத்திரி.

வாழையிலையைப் பற்றிக் கேட்பார்கள். மும்பை மருத்துவர்கள் 2003ல் தீக்காயக் கட்டில் அதைப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். ஒட்டுவதில்லை, பிரிக்கும்போது வலியில்லை, விலையும் குறைவு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கித் தயாரித்த இலை. கொல்லையில் அறுத்த இலையை நேராக வைப்பது வேறு.

பசையே படக்கூடாத தோல்

வயசானவர்களுடைய தோல் காகிதம் மாதிரி. அப்பத்தாவின் முன்கையில் சின்னக் கீறலுக்கு நான் துணிப் பிளாஸ்திரி ஒட்டி, இரண்டாம் நாள் சாதாரணமாகத்தான் இழுத்தேன். கீறலைவிட நாலு மடங்கு பெரிய தோல் அதோடு வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். அது ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு எழுபதைத் தாண்டியவர்கள் கையில் நான் டேப்பை நேராக ஒட்டியதே இல்லை.

அவர்களுக்கு ஒட்டாத காஸ், மேலே சுருள் துணி, டேப்பைத் துணியின் மேல் மட்டும். அல்லது குழாய் மாதிரி இழுபடுகிற வலைக் கட்டு, காலுறை போல மாட்டிவிடலாம், தலைக்கும் முழங்கைக்கும் அருமையாக நிற்கும். தன்னோடு தானே ஒட்டி, தோலில் ஒட்டாத சுருள் ஒன்றும் வருகிறது. வசதிதான், ஆனால் சுற்றும்போது நம்மை அறியாமல் இறுகும், ஆகவே முதலில் கொஞ்சம் பிரித்துத் தளர்த்திவிட்டுச் சுற்றுங்கள். தினமும் பிரித்துக் கட்ட வேண்டிய வயிற்றுக் காயத்துக்கு, இரு பக்கமும் டேப் பட்டையை ஒரு முறை ஒட்டி, அதன் ஓட்டைகளில் நாடா கோத்துச் செருப்பு நாடா மாதிரி கட்டி அவிழ்க்கலாம். தோலில் ஒட்டியது அப்படியே இருக்கும், நாடாதான் தினம் அவிழும். இதை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள்.

காலில் ஆறாத புண் இருந்தால் வீட்டில் இறுக்கிக் கட்டாதீர்கள். நரம்பு சுருண்டு (வெரிகோஸ்) வருகிற புண்ணுக்கு அழுத்தக் கட்டு நல்லது. ஹாம்பர்க்கின் தோல் மருத்துவர் உன்னா துத்தநாகப் பசை தோய்த்த கட்டை அதற்காகத்தான் செய்தார். ஆனால் ரத்த ஓட்டம் குறைந்த காலில் அதே இறுக்கம் விரலையே கறுக்க வைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் மருத்துவர் நாடி பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிரிப்பது

நனைந்தால், நாறினால், மேல் துணி வரை கசிந்தால் உடனே பிரியுங்கள், அன்றுதான் கட்டினேன் என்று பார்க்காதீர்கள். ஊருணியில் இறங்கிக் குளித்த கட்டு எவ்வளவு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் போய்விட்ட கட்டுதான். காஸ் ஒட்டிக்கொண்டால் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். டேப்பின் ஓரத்தில் தேங்காய் எண்ணெயை விரலால் தடவி, காயத்துக்குள் போகாமல், கொஞ்ச நேரம் விட்டால் பசை இளகும். டேப்பைத் தூக்கி இழுக்காமல், தோலோடு படுக்க வைத்த மாதிரி மடக்கி, முடி வளர்ந்த திசையில், இன்னொரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக. இரண்டு முனையிலிருந்தும் காயத்தை நோக்கி வர வேண்டும், காயத்தைத் தாண்டி இழுக்கக்கூடாது.

திரும்ப ஒட்டுவதற்கு முன் அந்த எண்ணெயைச் சோப்பால் கழுவி, சுற்றியுள்ள தோலை மறுபடி காய வையுங்கள்.